கடலில் வாக்கியம், வானில் கூப்பாடு

விமானத்தின் இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை, வாலில் வெள்ளை. இந்த மூன்று நிறங்களில் ஒன்றுகூட விமானத்துக்காக யோசித்து வைத்ததல்ல. பிரிட்டன் 1848இல் தன் நீராவிக் கப்பல்களுக்கு இட்ட விதி அது: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மாஸ்ட் உச்சியில் வெள்ளை. ரைட் சகோதரர்கள் 1903இல் கிட்டி ஹாக்கில் பறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கடலில் இந்த வழக்கம் ஊன்றிவிட்டது. பிறகு இரவில் பறக்கத் தொடங்கியவர்கள் புதிதாக எதையும் தேடவில்லை. கப்பலில் இருந்ததை எடுத்து இறக்கையில் மாட்டிக்கொண்டார்கள்.

மாட்டிக்கொண்ட பிறகு அந்த விளக்குகளுக்கு என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த ஒப்பீட்டின் பொருள். கடலில் விளக்குகள் ஒரு மொழியாகவே வளர்ந்தன. இன்ன வகைக் கலம், இன்ன வேலையில் இருக்கிறது, இன்ன திசையில் போகிறது என்று வாக்கியமாகச் சொல்லும். வானில் அந்த மொழியின் எழுத்துகள் மட்டும் மிஞ்சின. விமானத்தின் வெளிவிளக்குகளில் பெரும்பாலானவை போடுவது ஒரே கூப்பாடு: ‘இதோ இருக்கிறேன், பார்’. இந்த வேறுபாட்டுக்குப் பல காரணங்கள் சொல்லலாம். என் பார்வையில் வேகம் ஒன்றே போதும், மற்றவை எல்லாம் அதிலிருந்து வருபவை.

முதலில் ஒற்றுமை. கப்பலின் பக்க விளக்கு எல்லாத் திசைக்கும் தெரியக் கூடாது. நேர்முன்னாலிருந்து பக்கவாட்டைத் தாண்டிச் சற்றுப் பின்வரை 112.5 பாகைக்கு மட்டும் தெரிய வேண்டும். பின்விளக்கின் வீச்சு 135 பாகை. அரைப் பாகை கொண்ட இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் பழைய மாலுமிகளின் திசைகாட்டி. அவர்கள் வட்டத்தை 32 கூறுகளாகப் பிரித்திருந்தார்கள், ஒரு கூறு 11.25 பாகை. பக்க விளக்குக்குப் பத்துக் கூறு, பின்விளக்குக்குப் பன்னிரண்டு. விமானத்தில் இதே பங்கீடு 110, 110, 140 என்று முழு எண்ணாகிவிட்டது. இரண்டிலும் கூட்டினால் 360தான் வரும். எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏதாவது ஒரு நிறம் தெரியும். எது தெரிகிறது என்பதிலிருந்து எதிராளியின் எந்தப் பக்கம் நம்மை நோக்கி இருக்கிறது என்று கணித்துவிடலாம்.

நிறத்துக்குள்ளேயே ஒரு சட்டமும் பொதிந்திருக்கிறது. இரவில் உங்கள் வலப்பக்கத்திலிருந்து ஒரு கப்பல் குறுக்கே வருகிறது என்று வையுங்கள். அது உங்களுக்குக் காட்டுவது தன் இடப்பக்கத்தை. ஆகவே நீங்கள் காண்பது சிவப்பு. குறுக்கே கடக்கும்போது தன் வலப்பக்கத்தில் மற்றதைக் காணும் கப்பலே வழிவிட வேண்டும் என்பது கடல் விதி. குறுக்கே வருபவருக்கு நீங்கள் பச்சையாகத் தெரிகிறீர்கள். அவர் போக்கை மாற்றாமல் வரலாம். சிவப்பைக் கண்டவர் ஒதுங்கவேண்டும், பச்சையைக் கண்டவர் போகலாம். ஒரு வார்த்தை பரிமாறிக்கொள்ளாமல் யார் ஒதுங்குவது என்று முடிவாகிவிடுகிறது. நேருக்கு நேர் வந்தால் இருவருக்கும் இரண்டு நிறமும் தெரியும், இருவரும் வலப்பக்கம் திரும்பவேண்டும். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வான்வழி விதிகளும் இந்த இரண்டு நிலைமைகளுக்கும் இதையேதான் சொல்கின்றன. காகிதத்தில் கடலும் வானும் இதுவரை ஒன்று.

இனி வேகக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலின் மாஸ்ட் விளக்கு குறைந்தது 6 கடல் மைல் தொலைவுக்குத் தெரிய வேண்டும். தலா 15 நாட் வேகத்தில் இரண்டு சரக்குக் கப்பல்கள் நேருக்கு நேர் வந்தால் விளக்கு கண்ணில் பட்டதிலிருந்து சந்திக்கும்வரை 12 நிமிடம் இருக்கிறது. காவலில் இருக்கும் அதிகாரி தொலைநோக்கியை எடுத்து, நிறத்தைப் பார்த்து, கோணத்தை அளந்து, சந்தேகம் வந்தால் கேப்டனை எழுப்பியும் விடலாம். அதே 6 கடல் மைலில் மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இரண்டு ஜெட் விமானங்களை நிறுத்துங்கள். அவை வினாடிக்கு 500 மீட்டர் நெருங்குகின்றன. மொத்தம் 22 வினாடி. ஒரு விமானி எதிர் விமானத்தைக் கண்டு, அது விமானம்தான் என்று உணர்ந்து, மோதும் என்று தெரிந்து, திருப்ப முடிவெடுத்து, கையால் இயக்கி, விமானம் திரும்பத் தொடங்க 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்காவின் மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் கணக்கிட்டிருக்கிறது. மிச்சம் பத்து வினாடிகூட இல்லை. இதில் வாக்கியம் படிக்க நேரம் ஏது?

கடலில் நேரம் உண்டு என்பதால் அங்கே வாக்கியங்கள் நீண்டன. இன்று நடைமுறையில் உள்ள மோதல் தடுப்பு விதிகள் 1972இல் வகுக்கப்பட்டு 1977இல் அமலுக்கு வந்தவை. பெரிய கப்பலுக்கு மாஸ்ட் விளக்குகள் இரண்டு. பின்னால் இருப்பது முன்னதைவிடக் குறைந்தது 4.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே செங்குத்துக் கோட்டில் தெரிந்தால் கப்பல் நேராக உங்களை நோக்கி வருகிறது. தாழ்ந்த விளக்கு உங்களுக்கு வலப்பக்கமாக நகர்ந்தால் கப்பலின் மூக்கும் அந்தப் பக்கம் திரும்புகிறது. பக்க விளக்கின் நிறம் 3 கடல் மைலுக்குத்தான் தெரியவேண்டும் என்பது விதி. அதற்கு அப்பாலேயே இந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளின் இடைவெளியை வைத்துத் திசையைப் படித்துவிடலாம். சாய்ந்தால் படிக்கலாம், சேர்ந்தால் படிக்கலாம். வடிவமைத்தவர்களின் சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

வேலையைச் சொல்லும் விளக்குகள் தனி. பச்சைக்குக் கீழே வெள்ளை என்றால் இழுவலை போட்டு மீன்பிடிக்கிறார்கள். சிவப்புக்குக் கீழே வெள்ளை என்றால் வேறு வகை மீன்பிடிப்பு. வெள்ளைக்குக் கீழே சிவப்பு என்றால் துறைமுகத்தின் பைலட் படகு. ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு சிவப்பு எரிந்தால் அந்தக் கப்பல் தன் கட்டுப்பாட்டில் இல்லை, எந்திரமோ சுக்கானோ கெட்டுக் கிடக்கிறது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று இருந்தால் கேபிள் போடுவது, தூர்வாருவது போன்ற வேலையில் கட்டுண்டிருக்கிறது, விலக முடியாது. இன்னொன்றை இழுத்துச் செல்லும் கப்பலுக்குப் பின்விளக்குக்கு மேல் ஒரு மஞ்சள். நங்கூரமிட்ட பெரிய கப்பலுக்கு முன்பக்கம் ஒரு வெள்ளை, பின்பக்கம் அதைவிடத் தாழ்வாக இன்னொரு வெள்ளை. ஓடும் கப்பலின் மாஸ்ட் விளக்குகளுக்கு இது நேர் எதிர் வரிசை. 100 மீட்டரும் அதற்கு மேலும் நீளம் என்றால் தளத்தின் விளக்குகளையும் எரியவிட வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கு முறை காத்து நிற்கும் கப்பல்களை மெரினாவிலிருந்து இரவில் பார்ப்பவர்களுக்கு அவை தெருவிளக்கு வரிசைபோலத் தெரிவது இதனால்தான். அலங்காரம் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘நான் நகரவில்லை, சுற்றிப் போ’ என்பதே அதன் பொருள்.

மொழி எவ்வளவு நுட்பமானாலும் கேட்பவர் சரியாகக் கேட்க வேண்டும், கேட்டதும் நேரம் இருக்க வேண்டும். 1956 ஜூலை 25ஆம் தேதி இரவு, நான்டக்கெட் தீவுக்குத் தெற்கே இத்தாலியக் கப்பல் ஆண்ட்ரியா டோரியா பனிமூட்டத்துக்குள் வந்துகொண்டிருந்தது. எதிரே ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம். இரண்டு கப்பலும் ரேடாரில் ஒன்றையொன்று பார்த்துவிட்டன, ஆனால் படித்தது வேறு வேறாக. ஸ்டாக்ஹோமைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் இருந்த இளம் அதிகாரி சொன்னபடி, மூட்டத்திலிருந்து வெளிவந்த விளக்குகளில் முதலில் தெரிந்தது சிவப்பு. இடப்பக்கம் இடப்பக்கமாகக் கடந்துவிடலாம் என்று அவர் வலப்பக்கம் திரும்பினார். அடுத்த பார்வையில் டோரியாவின் மாஸ்ட் விளக்குகள் இடம் மாறிப் பச்சை தெரியத் தொடங்கியது. எதிர்க் கப்பல் இடப்பக்கமாகத் திரும்பிக் குறுக்கே வருகிறது என்று விளக்குகள் தெளிவாகவே சொல்லிவிட்டன. சொன்னபோது தூரம் தீர்ந்திருந்தது. 51 பேர் இறந்தார்கள். பனிமூட்டம் அவர்களுக்கு விமானியின் அவகாசத்தை மட்டுமே விட்டுவைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

பனியில்லாத இரவிலும் மொழி தோற்றதுண்டு. 2017 ஜூன் 17 அதிகாலை ஜப்பான் கரையோரம் அமெரிக்கப் போர்க்கப்பல் பிட்ஸ்ஜெரால்டு, ஏசிஎக்ஸ் கிரிஸ்டல் என்ற கன்டெய்னர் கப்பலுடன் மோதியது. மற்றது வலப்பக்கத்தில் இருந்ததால் வழிவிட வேண்டியது போர்க்கப்பல்தான். விடவில்லை, ஏழு மாலுமிகள் மாண்டார்கள். விளக்குக்கு அதில் எந்தக் குற்றமும் இல்லை.

கடல் விதிகளில் விமான உலகத்தார் படித்தால் வியந்துபோகும் ஒரு கட்டளை உண்டு. சூரியன் மறைந்து உதிக்கும்வரை, விதித்த விளக்குகளைத் தவிர, அவற்றோடு குழப்பிக்கொள்ளக்கூடிய வேறு எந்த விளக்கும் வெளியே தெரியக் கூடாது. பக்க விளக்கின் பின்தட்டிக்குக்கூட ஒளி சிதறாத கறுப்புச் சாயம் அடிக்க வேண்டும். ஓடும் சரக்குக் கப்பலின் முன்தளம் இருட்டாகவே இருக்கும், பிரிட்ஜும் இருட்டு. பேசும்போது இரைச்சல் கூடாது என்ற நியாயம்தான். விமானத்தில் நேர்மாறு. தாழப் பறக்கும்போது எத்தனை விளக்கு எரிந்தாலும் நல்லது. பத்தாயிரம் அடிக்குக் கீழே பட்டப்பகலிலும் லேண்டிங் லைட் போடுவது வழக்கமாகிவிட்டது. தரையைக் காட்டத் தேவையில்லாத நேரத்திலும் அது எரிவது மற்ற விமானிகளின் கண்ணில் பட.

எனக்கு இந்த ஒப்பீட்டில் மிகவும் பிடித்த இடம் சிமிட்டலும் நிலையொளியும் தலைகீழாக மாறுவது. கடலில் சிமிட்டுபவை கலங்கரை விளக்கமும் மிதவையும். ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம், அதை வைத்து எந்த இடம் என்று கண்டுபிடிப்பார்கள். ஆகவே கடலில் சிமிட்டும் ஒளி, ஓரிடத்தில் ஊன்றி நிற்பதன் அடையாளம். நகரும் கப்பலின் விளக்கு சிமிட்டாமல் சீராக எரிய வேண்டும். வானிலோ அசையாமல் சீராக எரிவன விண்மீனும் ஊர் விளக்கும். சிமிட்டுவதுதான் விமானம். ஒரே சிமிட்டலுக்கு நீரில் ஒரு பொருள், காற்றில் அதற்கு நேரெதிர்ப் பொருள்.

விமானம் ஏன் சிமிட்ட வேண்டும்? மனிதக் கண் அசைவைத்தான் சட்டென்று பிடிக்கும். ஆனால் மாறாத வேகத்தில் நேர்கோட்டில் வந்து மோதப்போகும் விமானம் விமானியின் கண்ணாடியில் அசையவே அசையாது. ஒரே இடத்தில் புள்ளியாக நின்று, கடைசி வினாடிகளில்தான் பெரிதாகும். அசைந்து நகரும் விளக்கு ஆபத்தில்லாதது, அசையாத விளக்கே ஆபத்து. கப்பல்காரர்களும் இதே பாடத்தைத்தான் படிக்கிறார்கள்: திசைக்கோணம் மாறாமல் தூரம் மட்டும் குறைந்தால் மோதல் நிச்சயம். அவர்கள் அதைத் திசைகாட்டியில் நிதானமாக அளப்பார்கள். அளக்க நேரமில்லாத விமானிக்காக விளக்கே துடித்துக் காட்டுகிறது. எண்களும் இதைச் சொல்கின்றன. அமெரிக்க வடிவமைப்பு விதிப்படி சிவப்பு, பச்சை விளக்குகளுக்கு நேர்முன்னால் 40 கேண்டெலா ஒளி போதும், 20 பாகைக்கு அப்பால் 5 கேண்டெலாவே போதும். மோதல் தவிர்க்கும் சிமிட்டு விளக்குக்குக் குறைந்தது 400. நிமிடத்துக்கு 40 முதல் 100 முறை அது சிமிட்ட வேண்டும்.

ஆக, விமானத்தில் நிறம் பேசும் குரல் மெல்லியது, சிமிட்டும் குரல் உரத்தது. உயரத்தில் பறக்கும் பயணி ஜெட்டில் சிவப்பு, பச்சையைப் பார்த்து வழிவிடும் விமானியைக் காண்பது அரிது. அந்த வேலையை இன்று கட்டுப்பாட்டு அறையும் மோதல் எச்சரிக்கைக் கருவியும் செய்கின்றன. 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேல் சவுதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்த பிறகு, அந்தக் கருவியை இந்தியா கட்டாயமாக்கியது. கப்பல்களுக்கும் ரேடாரும் தானியங்கி அடையாளக் கருவியும் வந்துவிட்டன. ஆனால் கப்பலில் விளக்கைப் படிப்பது இன்னும் தேர்வில் கேட்கும் பாடம், இரவுதோறும் செய்யும் வேலை.

விமானம் வாக்கியமே பேசுவதில்லையா என்றால், பேசும். தரையில் இறங்கி மெதுவாக ஊரும்போது பேசும். இந்த ஒன்றுதான் வேகமே காரணம் என்ற என் எண்ணத்தை உறுதிப்படுத்தியது. உடலின் மேலும் கீழும் சிமிட்டும் சிவப்பு பீக்கன், எஞ்சின் தொடங்குவதற்கு முன் எரியத் தொடங்கி எஞ்சின் நின்ற பிறகே அணையும். பெட்டி ஏற்றும் தொழிலாளிக்கு அது சொல்வது ‘கிட்டே வராதே’. மூக்குச் சக்கரத்தில் உள்ள டாக்சி லைட் எரிந்தால் விமானம் நகர்கிறது, நின்று வழிவிடும்போது பல விமானிகள் அதை அணைத்துவிடுவார்கள். இறக்கை நுனியில் சிமிட்டும் வெள்ளை விளக்கான ஸ்ட்ரோப் ஓடுபாதைக்குள் நுழையும்போது எரியும். புறப்பட அனுமதி கிடைத்ததும் லேண்டிங் லைட் எரியும், அதாவது ‘இதோ ஓடப்போகிறேன்’. நான்கு விளக்கில் நான்கு நிலை. கப்பலின் இலக்கணத்துக்கு ஈடாகாது என்றாலும் இதுவும் இலக்கணம்தான்.

இதில் பீக்கனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பயணிகளின் கண்ணில் ஜன்னலோரம் படுவது இறக்கை நுனி விளக்குதான். ஆனால் உயிர் காக்கும் கணக்கில் பீக்கனுக்கு நான் முதலிடம் தருவேன். ஓடும் ஜெட் எஞ்சின் முன்னால் நிற்பவரை உள்ளிழுத்துவிடும். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி விமான நிலையத்தில் அப்படி ஒரு தொழிலாளி இறந்தார். பீக்கன் எரிந்துகொண்டிருந்ததாக கேமராப் பதிவு காட்டியது. விளக்கு சொன்னது, மனிதர் கேட்கவில்லை.

ஓடுபாதையில் கதை வேறு. அங்கே விளக்கே சொல்லாமல் விட்டதுண்டு. 1991 பிப்ரவரி 1 மாலை, லாஸ் ஏஞ்சலஸில் சிறிய மெட்ரோலைனர் விமானம் ஒன்றை ஓடுபாதையின் நடுவில் நிறுத்திக் காத்திருக்கச் சொன்ன கட்டுப்பாட்டாளர், அதை மறந்து, அதே பாதையில் இறங்க ஒரு போயிங் 737க்கு அனுமதி கொடுத்துவிட்டார். இறங்கிய விமானிகளின் கண்ணுக்கு எதிரே ஒரு விமானம் நிற்பதே தெரியவில்லை. அதன் வால் விளக்குகள் ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளோடு கலந்துவிட்டன. புறப்பட அனுமதி வரும்வரை ஸ்ட்ரோப் போடாமலிருப்பது அன்றைய வழக்கம். முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடுபாதைக்குள் நுழைந்ததுமே ஸ்ட்ரோப்பைப் போடு என்ற இன்றைய நடைமுறைக்குப் பின்னால் இப்படிப்பட்ட இரவுகள் இருக்கின்றன. ஆனாலும் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஓடுபாதையில் ஏறக்குறைய 40 வினாடி நின்ற கடலோரக் காவல்படை விமானத்தை, இறங்கிவந்த ஏர்பஸ் ஏ350இன் விமானிகள் காணவில்லை. ஏர்பஸ்ஸில் இருந்த 379 பேரும் தப்பினார்கள், காவல்படை விமானத்தில் ஐவர் இறந்தார்கள். பின்னாலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளை வால் விளக்கு, வெள்ளை ஓடுபாதை விளக்குகளில் இன்னொன்றுதான். கடலிலிருந்து பெற்ற வெள்ளைப் பின்விளக்கு, கடலில் இருட்டு சூழ்ந்திருப்பதால் எடுபட்டது. விளக்குகளால் நிறைந்த ஓடுபாதைக்கு அது பொருந்தாத சொத்து என்பது என் கருத்து.

கூச்சல் கூடினால் கேட்காது என்ற ஆபத்தும் உண்டு. மேகத்துக்குள் ஸ்ட்ரோப் எரிந்தால் ஒளி எதிரொளித்து விமானியையே தடுமாறச் செய்யும், அப்போது அணைக்க விதிகளே இடம் தருகின்றன. 2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டனில் ராணுவ ஹெலிகாப்டரும் பயணி விமானமும் மோதி 67 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தைப் பார்த்துவிட்டோம் என்று ஹெலிகாப்டர் குழு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லியிருந்தது. ஒளிவெள்ளமான நகரத்தின் மேல் ‘பார்த்துவிட்டேன்’ என்பதை நம்பி இரண்டு கலங்களைப் பிரிப்பது, கடல் விதிகளை எழுதியவர்கள் அனுமதித்திருக்காத ஏற்பாடு.

மற்ற விமான விளக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இறக்கையில் பனி படிந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு விளக்கு உண்டு. வாலில் நிறுவனத்தின் சின்னத்தைக் காட்ட இன்னொன்று, அது பாதிக்கு மேல் விளம்பரம்.

கடலிலும் வேகம் கூடினால் சிமிட்டல் வந்துவிடுகிறது. காற்றுமெத்தை மேல் ஓடும் ஹோவர்கிராப்டுக்கு, வழக்கமான விளக்குகளோடு, சிமிட்டும் மஞ்சள் விளக்கு கட்டாயம். நீர்ப்பரப்பை ஒட்டியே பறக்கும் இறக்கைக் கலங்களுக்கு, ஏறும்போதும் இறங்கும்போதும் பறக்கும்போதும், சுற்றிலும் தெரியும் உரத்த சிமிட்டும் சிவப்பு. எதிர்த்திசையிலும் இதே கதைதான். நீரில் இறங்கிய கடல் விமானத்தைக் கடல் விதிகள் ஒரு கலமாகவே எண்ணுகின்றன. கப்பலின் விளக்குகளை அதே இடங்களில் பொருத்த முடியாவிட்டால், முடிந்த அளவு அவற்றை ஒத்திருந்தால் போதும் என்று சலுகையும் தருகின்றன. அது நங்கூரமிட்டு நிற்கும்போது, தெளிவான இரவில் குறைந்தது 2 கடல் மைலுக்குத் தெரியும் ஒரு வெள்ளை விளக்கு காட்ட வேண்டும் என்று அமெரிக்க விமான வடிவமைப்பு விதிகளே சொல்கின்றன.